புழுதியில் விதைத்த புல்

ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிக்குத் தெற்கே, கடலுக்குப் போகிற வழியில் எங்கள் சித்தப்பாவுக்கு மூன்று ஏக்கர் புஞ்சை இருக்கிறது. வரப்பில் பனை, உள்ளே அங்கங்கே உடை மரம். மழை பெய்தால் குதிரைவாலி, பெய்யாவிட்டால் ஆடு மேய்ச்சல். சாலை வேலைக்குச் சவுடு மண் தேடி ஒரு ஒப்பந்தக்காரர் வந்தபோது, பெரிதாக விளையாத நிலம்தானே என்று சித்தப்பா கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வருஷம் வீட்டில் கல்யாணம் இருந்தது.

அனுமதியில் எழுதிய ஆழம் ஒன்று, ஜேசிபி போன ஆழம் வேறு. கடைசி லாரி கிளம்பியபோது மிஞ்சியது ஆள் உயரத்துக்கு மேல் ஒரு குழி, லாரிகள் திரும்பித் திரும்பி இறுகிப்போன ஒரு திடல், ஓரத்தில் செடியும் வேருமாக ஒதுக்கித் தள்ளிய ஒரு மண்மேடு. "முடிச்சதும் சமப்படுத்தி மரம் வச்சுத் தர்றோம்" என்பது பேச்சு. சமப்படுத்தவில்லை, மரம் வைத்தார்கள். கார்த்திகையில் முழங்கை ஆழத்துக்குக் குழி எடுத்து, வேம்பும் புங்கனும் வரிசையாக நட்டு, பலகை ஊன்றி, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பங்குனியில் நான் ஊருக்குப் போனபோது கன்றுக்கு முட்டுக் கொடுத்த குச்சிகள் மட்டும் நின்றன. குச்சியை ஆடு தின்னாது.

அந்தக் குழியை மறுபடி நிலமாக்க மூன்று மழைக்காலம் நாங்கள் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். பாதி கைகூடியது. மீதிப் பாதியையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நீதிமன்றம் சொன்னது புல்

தோண்டி முடித்த சுரங்க நிலங்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 8-ஆம் தேதி ஓர் உத்தரவு போட்டது. தோண்டிய இடத்திலும், தோண்டியதால் கெட்ட மற்ற இடங்களிலும் குத்தகைதாரர் மறுபடி புல் வளர்க்க வேண்டும், தீவனமும் செடிகொடியும் உயிரினங்களும் வளரத் தக்க நிலைக்கு நிலத்தைத் திருப்ப வேண்டும், இதைக் குத்தகையின் நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும் என்றது. எட்டே நாளில், ஜனவரி 16 அன்று, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது.

அந்த உத்தரவில் முதலில் வருவது புல், அடுத்தது தீவனம். ஆனால் களத்துக்கு வரும்போது அது மரக்கன்று ஆகிவிடுகிறது. காரணம் எளிது. கன்றை எண்ணலாம், எண்ணி பில் போடலாம். புல்லை யார் எண்ணுவது?

நானும் முதலில் கன்றுப் பக்கம்தான் இருந்தேன். இன்னும் நல்ல கன்றாக, இன்னும் பெரிய குழியாக எடுத்து வைத்தால் பிழைக்கும் என்று நினைத்தேன். சித்தப்பாதான் ஒரு கேள்வி கேட்டார். "நம்ம ஊர்ல நெல்லையே நாத்து விட்டு நடுறதில்ல. புழுதியில விதைச்சுட்டு வானத்தைப் பாக்குறோம். நீ மரத்தை மட்டும் நட்டு எப்படிப் பிழைக்க வைப்ப?"

ராமநாதபுரம் மாவட்டத்தில் பெரும்பாலும் நெல் அப்படித்தான். ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணில் விதை விழும். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதத்துக்குள் கொட்டி ஓய்ந்துவிடும். முதல் மழைக்கே வேர் இறங்கியாக வேண்டும். கார்த்திகையில் நட்ட கன்று பாலித்தீன் பையின் வடிவத்திலேயே வேரை வைத்துக்கொண்டு தையில் வெயிலைப் பார்க்கும். தானாக முளைத்தது அதற்குள் ஒரு முழமாவது கீழே போயிருக்கும்.

ஒரு குழிக்குள் நான்கு நிலம்

வேலை தொடங்குமுன் குழியைச் சுற்றி நடந்து, நான்கு இடத்தில் மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். ஒரே குழி என்று பார்த்தது தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

அடித்தரையில் மார்கழி வரை தண்ணீர் நிற்கும். மாசியில் வற்றும்போது வெள்ளை பூக்கும். கடலோரம் ஆழமாகத் தோண்டினால் இதுதான் வரும். உப்பு நீர் மேலே ஏறி, நீர் ஆவியாகி, உப்பு தங்கிவிடும். பரிசோதனையில் உப்பைக் காட்டும் ஈ.சி. அளவு 4-ஐத் தாண்டியிருந்தது, காரத்தைக் காட்டும் பி.எச். 8.5-க்குக் கீழே. அதாவது உவர் நிலம், களர் அல்ல. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உரக்கடையில் எங்களை ஜிப்சம் போடச் சொன்னார்கள். ஜிப்சம் களர் நிலத்துக்கு மருந்து. மண்ணைப் பற்றிக்கொண்டிருக்கும் சோடியத்தை அது தள்ளிவிடும். உவருக்கு நல்ல தண்ணீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வடிக்க வேண்டும். எங்கள் அடித்தரையே அங்கே மிகத் தாழ்ந்த இடம், வடிப்பது எங்கே? நல்லவேளை, மூட்டையை வாங்குவதற்கு முன்பே ரிப்போர்ட் வந்துவிட்டது. அடித்தரையை அப்படியே விட்டுவிட்டோம்.

சரிவில் உப்பு இல்லை, பிடிப்பும் இல்லை. கொட்டிய சர்க்கரை மாதிரி சரியும் மண். இடையிடையே சுக்கான் என்கிற சுண்ணாம்புப் பாறை தலை காட்டும். மேல் திடலில் மண் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் லாரிச் சக்கரம் ஏறி இறங்கி, கடப்பாரை போட்டால் கணீர் என்றது. எதைத் தூவினாலும் மழை அதை அள்ளிக்கொண்டு குழிக்குள் போய்விடும்.

நான்காவது, அந்த மண்மேடு.

மேட்டில் இருந்த சொத்து

வேரும் தழையும் கலந்த மேல்மண் சாலை நிரப்ப உதவாது. அதனால் ஜேசிபிக்காரர் முதல் நாளே அதைச் சுரண்டி வேலியோரம் தள்ளியிருந்தார். எங்கள் மேல் அக்கறைப்பட்டுச் செய்ததல்ல, அவருக்கு அது கழிவு. முந்தைய மழையில் அந்த மேடு மட்டும் பச்சையாக இருந்தது: கொழுஞ்சி, ஆவாரை, நெருஞ்சி, எருக்கு, பெயர் தெரியாத இரண்டு மூன்று புல். பக்கத்தில் மூன்று ஏக்கர் மொட்டையாகக் கிடக்க, அந்த ஓரத்தில் மட்டும் வெட்டுக்கிளி பறந்தது.

ஒரு நிலத்தின் விதைச் சேமிப்பு பெரும்பாலும் மேலே நான்கைந்து அங்குலத்துக்குள்தான் இருக்கும். வேரோடு கூடி வாழும் பூஞ்சையும் அவரை இனச் செடிகளின் வேரில் முடிச்சுப் போடும் நுண்ணுயிரும் அங்கேதான் அதிகம். குவித்து வைத்தால் உள்ளே இருப்பவை நாளாக நாளாகச் சாகும். எங்கள் மேடு எப்படி என்று பார்க்க, மேல் ஓட்டிலிருந்து ஒரு கூடையும் நடுவிலிருந்து ஒரு கூடையும் மண் எடுத்து, பழைய தண்ணீர் கேனை நெடுக்கே அறுத்து, இரண்டிலும் பரப்பி மூன்று வாரம் தண்ணீர் தெளித்தோம். மேல் மண்ணில் வயல் மாதிரி முளைத்தது. நடு மண்ணில் எண்ணி ஏழெட்டு. உள் மண் செத்த மண்தான். ஆனாலும் அது மேல்மண். குழியின் சரிவில் கிடக்கிற சுக்கானைவிட எவ்வளவோ மேல்.

அப்புறம் கணக்கு. ஓர் ஏக்கருக்கு நான்கு அங்குலம் மண் பரப்ப வேண்டுமென்றால் ஏறக்குறைய 145 யூனிட் வேண்டும் (ஒரு யூனிட் என்பது நூறு கன அடி). எங்கள் மேட்டை எப்படி அளந்தாலும் அரை ஏக்கருக்கே இழுபறி. கண்மாய் வண்டல் எடுக்கலாம். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959-இல் விவசாயிகள் கட்டணமில்லாமல் வண்டல் எடுக்க இடமிருக்கிறது. சவுடு அள்ளிப் போனதும் அதே விதிகளின் கீழ்தான் என்பதை நினைத்தால் சிரிப்பு வரும். ஆனால் வண்டல் இலவசம் என்றாலும் டீசல் இலவசமல்ல. அதனால் மேட்டு மண்ணையே பட்டை பட்டையாக, சரிவுக்குக் குறுக்கே, இரண்டடி அகலத்துக்குப் போட்டோம். இடையில் ஐந்தடி சும்மா. விதையும் பூஞ்சையும் பட்டையிலிருந்து நடந்து போய் மீதியைப் பிடிக்கட்டும் என்பது எண்ணம். செலவில் பெரும்பங்கு இந்த வேலைக்கான இயந்திர மணிதான். விதைச் செலவு அதற்குப் பக்கத்திலேயே வராது.

கருவேலும் கிடையும்

குழி வெட்டிய இரண்டாம் வருஷமே சீமைக்கருவேல் உள்ளே வந்துவிட்டது. 1877-இல் இந்தியாவுக்கு வந்த செடிக்கு எங்கள் மாவட்டத்தைப் போல் வாழ்வு கொடுத்த இடம் குறைவு. கரி மூட்டம் போட்டு அதில் பிழைக்கிற குடும்பங்கள் எங்கள் ஊரிலும் உண்டு, அதனால் அதைப் பேய் என்று திட்டுவதில் நான் சேர்வதில்லை. ஆனால் "தானாகவே பச்சையாகிடுச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதன் இலையை ஆடு கடிக்காது, அடியில் புல் வராது. தீவனம் கேட்ட உத்தரவுக்கு அது கணக்காகாது.

தரையோடு வெட்டினால் நாலு கிளையாகத் துளிர்க்கும். அதனால் தரைக்குக் கீழே ஒரு முழம் தோண்டி, வேர்க்கழுத்தோடு எடுத்தோம். கிளைகளை எரிக்கவில்லை. நெற்று இல்லாத கிளைகளைப் பொறுக்கி ஒதுக்கி வைத்தோம், அவை பிறகு உதவின.

மண்ணுக்கு எரு வேண்டும். எங்கள் பக்கம் எரு என்றால் கிடை. ஊர் ஊராக ஆடு மேய்க்கும் கீதாரிகள் மந்தையை ராத்திரி நிலத்தில் அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் சேரும். சிக்கல் என்னவென்றால் கருவேல விதை பரவுவதும் அதே புழுக்கை வழிதான். நெற்றைத் தின்ற ஆட்டின் வயிற்றில் விதையின் ஓடு இளகி, எருவோடு விழுந்து, அப்படியே முளைக்கும். கிடை பேசப் போனபோது கீதாரியிடம் இதைச் சொன்னேன்.

"அண்ணே, நெத்து தின்னாத ஆடு வேணும்."

"நெத்து ஓஞ்சு நாளாச்சு தம்பி. ஆனா ஆட்டு வயித்துல என்ன கிடக்குன்னு நான் எப்படிச் சொல்றது?"

கடைசியில் ஒரு வழி சொன்னார். ஒரு வாரம் அறுவடைத் தரிசில் மேய்த்து வயிற்றைக் காலி பண்ணிவிட்டு, அதற்குப் பிறகு எங்கள் நிலத்துக்கு வருவது. ஆவணியில் அப்படியே வந்தார்கள். முழுக்கத் தப்பவில்லை, கருவேல முளைகள் வந்தன. ஆனால் ஈர மண்ணில் விரலால் பிடுங்குகிற அளவுக்குத்தான்.

விதைப்பு

கோடை மழை ஒன்று பெய்து காய்ந்ததும் திடலை உளிக்கலப்பையால் கீறினோம். புரட்டிப் போடும் கலப்பை வேண்டாம், இறுகிய அடுக்கை ஆழமாகப் பிளந்தால் போதும். சரிவுக்குக் குறுக்கேதான் ஓட்ட வேண்டும் என்று டிராக்டர்காரருக்குப் புரிய வைக்க அரை நாள் ஆனது. நெடுக்கே ஓட்டினால் அவருக்கு டீசல் மிச்சம், எங்களுக்கு ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால்.

கலவையில் நான்கு விதை. கொழுக்கட்டைப்புல்தான் முதுகெலும்பு, வறட்சிக்குக் காய்ந்தாலும் தூரில் உயிர் இருக்கும், ஆடு விரும்பித் தின்னும். கொழுஞ்சி மண்ணுக்குத் தழைச்சத்து, ஆடு அதை அவ்வளவாகத் தொடாது என்பது கூடுதல் வசதி. சணப்பு சீக்கிரம் எழுந்து நிழல் கொடுக்க. குதிரைவாலி கொஞ்சமே கொஞ்சம், துணைப் பயிராக. துணைப் பயிரை அடர்த்தியாகத் தூவினால் அதுவே தண்ணீரைக் குடித்துவிட்டுப் புல்லை நெரிக்கும். முயல் மசால் போடலாமே என்று ஒருவர் சொன்னார். நல்ல தீவனம்தான், ஆனால் அதற்குப் புளிப்புச் சாய்ந்த மண் பிடிக்கும். எங்கள் சுக்கானில் பாடுபடும் என்று விட்டுவிட்டோம்.

கொழுக்கட்டைப்புல் விதையில் இரண்டு சங்கதி உண்டு. புதிதாக உருவிய விதை ஒழுங்காக முளைக்காது, ஆறு மாதத்துக்கு மேல் உறங்கும். போன வருஷத்து விதைதான் வேண்டும். அப்புறம் அது பஞ்சு மாதிரி. கையில் ஒட்டும், காற்றில் பறக்கும். ஈர மணலோடு பிசைந்துதான் தூவ முடியும். தீவனத்துக்கு ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ என்பார்கள். கெட்ட நிலம் என்பதால் நாங்கள் இரட்டிப்பாகத் தூவினோம். ஓர் அங்குலத்துக்கு மேல் மூடினால் வெளியே வராது. கருவேல முள் கொப்பைக் கயிற்றில் கட்டி இழுத்ததோடு சரி.

கொழுஞ்சி விதையின் தோல் கெட்டி. கரடுமுரடான மணலோடு சேர்த்து உரசினால்தான் சீக்கிரம் தண்ணீர் குடிக்கும். நாங்கள் பாதியை மட்டும் உரசினோம். மீதியை வேண்டுமென்றே அப்படியே விட்டோம். இதுதான் எங்களைக் காப்பாற்றியது. புரட்டாசிக் கடைசியில் ஒரு மழை ஏமாற்றிப் பெய்தது. உரசாத கொழுஞ்சியைத் தவிர மற்றதெல்லாம் முளைத்தது. பிறகு மூன்று வாரம் வானம் வாய் திறக்கவில்லை. சணப்பும் குதிரைவாலியும் உரசிய கொழுஞ்சியும் கருகின. ஐப்பசியில் நிஜ மழை பிடித்தபோது உரசாத பாதி அப்போதுதான் கண் விழித்தது.

விதைத்ததன் மேல் கருவேலக் கிளைகளை வரிசையாகப் பரப்பினோம். வெயிலுக்கு நிழல், ஆட்டுக்கு முள், காற்றில் வரும் மணலுக்கும் விதைக்கும் அணை. ஆடியில் கச்சான் காற்று வீசும்போது திறந்த மண்ணில் நின்றால் முகத்தில் மணல் அறையும். கிளை வரிசைக்குப் பின்னால் மட்டும் மண் படிந்திருக்கும்.

மரத்துக்கும் விதைதான். வரப்பில் பனங்கொட்டை, திடலில் உடை நெற்று. வேம்பில்தான் நான் கோட்டை விட்டேன். ஆனியில் பொறுக்கிய வேப்பங்கொட்டையைப் புரட்டாசி வரை சாக்கில் வைத்திருந்தேன். அதற்கு உயிர் இரண்டு மூன்று வாரம்தான். ஒன்றுகூட முளைக்கவில்லை. இப்போது உடை மரத்துக் கிளைகளில் உட்காருகிற காக்கா அந்த வேலையைச் செய்கிறது, கூலி கேட்பதில்லை.

கார்த்திகையில் நடந்தது

முதல் வருஷம் கார்த்திகையில் ஒரே ராத்திரி கொட்டிய மழையில் தெற்குச் சரிவு பிளந்துவிட்டது. மேல்மண் பட்டைகளில் மூன்றை அப்படியே அடித்தரைக்குக் கொண்டுபோனது. காலையில் போய்ப் பார்த்தபோது சித்தப்பா எதுவும் சொல்லவில்லை, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். தவறு என்னுடையது. திடலில் விழும் தண்ணீருக்கு வழி விடாமல் சரிவில் விதைத்திருந்தேன். அடுத்த வருஷம் திடலின் விளிம்பில் ஒரு வரப்பு, தண்ணீர் இறங்க ஒரே ஒரு கல் பாவிய வாய், சரிவில் பிறை வடிவில் சிறு சிறு அணைகள். செங்குத்தாக இருந்த இடத்தை மூன்றடி போனால் ஓரடி ஏறும் அளவுக்குச் சாய்த்தோம். முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

அடித்துப் போன விதை வீணாகவில்லை என்பது வேறு விஷயம். உப்புத் தரையின் விளிம்பில், வண்டல் படிந்த ஒரு வளையத்தில், அந்த வருஷத்தின் செழிப்பான புல் அங்கேதான் வந்தது.

ஊரும் ஆடும்

இரண்டு வருஷம் ஆடு விடக் கூடாது என்றதும் பேச்சு தடித்தது. சித்தப்பா நிலம்தான், ஆனால் கோடையில் அது எல்லோருடைய மேய்ச்சலும். வேலி போட்டால் வேலி போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். அறுத்துக்கொண்டு போகலாம், அவிழ்த்துவிடக் கூடாது என்று முடிவானது. புல் விதை கட்டி உதிர்ந்த பிறகுதான் அரிவாள். மூன்றாம் வருஷம் தை முடிந்து ஆடு விடலாம். இரண்டு வீட்டார் மீறினார்கள். கூப்பிட்டுச் சத்தம் போடுவதற்குப் பதிலாக அவர்களையே அறுப்புக்கு முதலில் விட்டோம்.

இடையில் ஓர் அதிகாரி வந்து பார்த்து, சவுக்கு போடுங்கள், மூன்று வருஷத்தில் காடு என்றார். 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரை நெடுக சவுக்கு வைத்தார்கள், காற்றுத் தடுப்புக்கு அது சரி. ஆனால் சவுக்குத் தோப்புக்குள் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: கீழே ஊசிச் சருகு மெத்தை, அதில் ஒன்றும் முளைக்காது.

இப்போது

மேல்மண் போட்ட பட்டைகள் இரண்டும் மூன்றும் ஒன்றோடொன்று கைகோத்துவிட்டன. போடாத இடைவெளியில் புல் பாதிதான் நடந்திருக்கிறது, சுக்கான் தெரிகிற இடத்தில் அதுவும் இல்லை. வடக்குச் சரிவுக்கு மண்ணே கிடைக்கவில்லை, அது இன்னும் மொட்டை. பனங்கொட்டைகள் முதல் வருஷம் முழுக்கக் கிழங்கை மட்டும் கீழே இறக்கிக்கொண்டிருந்தன. முளைக்கவில்லை என்று நினைத்து நான் இரண்டைத் தோண்டிப் பார்த்துக் கெடுத்தேன். மற்றவை இப்போது ஒற்றை ஓலையோடு நிற்கின்றன. அடித்தரையில் உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடி தானாக வந்து மாசியில் சிவக்கிறது. வெள்ளை பூப்பது நிற்கவில்லை.

பக்கத்துப் புஞ்சைக்காரரிடமும் சவுடு கேட்டு ஆள் வந்திருக்கிறது. எங்களிடம் வந்து கேட்டார். கொடுக்காதே என்று சொல்ல எங்களுக்கு என்ன யோக்கியதை? மேல்மண்ணை முதல் நாள் தனியாக எடுத்து, இடுப்பு உயரத்துக்கு மேல் குவிக்காமல், அதன் மேலேயே கொழுஞ்சி தூவி வைக்கச் சொல், ஒரு பக்கம் வெட்டி முடித்ததும் அந்தப் பக்கம் உடனே பரப்பச் சொல், ஆழத்தைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே நிறுத்தச் சொல், இதையெல்லாம் பத்திரத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடாதே என்று சித்தப்பா சொன்னார். அவர் எழுதி வாங்குவாரா என்று தெரியவில்லை.

திண்ணையில் இரண்டு சாக்கு கொழுக்கட்டைப்புல் விதை இருக்கிறது. எங்கள் பட்டைகளிலிருந்தே தையில் உருவியது. வடக்குச் சரிவுக்கென்று வைத்திருக்கிறோம். புரட்டாசி வரை அதை எலியிடமிருந்து காப்பாற்ற வேண்டும்.